காரணம்: சும்மா

பேருந்தில் பாதி இருக்கைகள் காலி. லிஃப்டக்கா உட்காரவில்லை. கதவுக்கு இடப்பக்கம் தகட்டில் முதுகைச் சாய்த்து நின்றார். ஏறுகிறவர்களுக்கு அரையடி ஒதுங்கினார். இறங்குகிறவர்களின் கால்களையே பார்த்தார். கடைசிக் கால் படியை விட்டதும் அவருடைய கட்டைவிரல் காற்றில் எதையோ அழுத்தியது. "உள்ள எவ்வளவு இடம் இருக்கு, போய் உக்காருங்கம்மா" என்றார் நடத்துநர். போய் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் கழித்து நடத்துநர் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் அது. அரசு அலுவலகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஓர் உயரமான கட்டடத்தில் அவர் லிஃப்ட் ஓட்டுகிறார். 'இயக்குபவர்' என்றுதான் வேலை உத்தரவில் இருக்கிறது. அவர் ஓட்டுகிறேன் என்றே சொல்வார். பொத்தானை அழுத்துவதற்கு ஓர் ஆளா என்று கேட்பவர்கள் உண்டு. "பொத்தான் அழுத்த நான் எதுக்கு? அது நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கற பத்துப் பேரும் ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சுக்காம பார்த்துக்கணுமே, அதுக்குத்தான் நான்" என்பார். மின்சாரம் போய்ப் பெட்டி அந்தரத்தில் நின்ற ஒரு முறை, பதறிய ஒரு பெரிய அதிகாரியைத் தரையில் உட்காரவைத்து, அவர் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசவைத்தவர் இவர். அந்த அதிகாரி அதற்குப் பிறகு இவரை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அந்தக் கட்டடத்தின் பொத்தான் வரிசையில் பன்னிரண்டுக்கு அடுத்தது பதினாலு. பதிமூன்று ராசியில்லை என்று கட்டியவர்கள் விட்டுவிட்டார்கள். "பதினாலுன்னு எழுதிட்டா பதிமூணு பயந்து ஓடிடுமா? எண்ணத் தெரியாதவங்க கட்டின கட்டடம்" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவார். அந்த மாடியில் உட்கார்ந்திருப்பது புள்ளியியல் துறை.

முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண அவருக்கு வராது. லிஃப்டுக்குள் எல்லோரும் கதவைப் பார்த்து நிற்பார்கள். ஓரத்தில் நிற்பவருக்குத் தெரிவது காதும் பிடரியும்தான். அதனால் தெருவில் எதிரே வந்து சிரிக்கிறவர்களைப் பார்த்துப் பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்து வைப்பார். அவர்கள் கடந்து போனதும் பிடரியைப் பார்த்து, "அட, ஆறாவது மாடி" என்பார்.

உச்சி மாடியில் லிஃப்டுக்கு நேர் எதிரே ஒரு ஜன்னல். அதன் வழியே கடல் தெரியும். கதவு ஏழு வினாடி திறந்திருக்கும், பிறகு மூடிவிடும். ஒரு நாளில் அறுபது தடவையாவது அந்த மாடிக்குப் போகிறவர் அவர். "கூட்டிப் பார்த்தா தினமும் ஏழு நிமிஷம் கடல் பாக்கறேன். ஆனா துண்டு துண்டா. அலை எந்திரிக்கும், கதவு மூடிடும். விழுந்துதா இல்லையான்னே தெரியாது." ஒருநாள் முழுக்கத் துண்டு போடாமல் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கூட யாரும் இல்லாமல், யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்காமல். பெரிய ஆசை என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்று கேட்கலாம். "அன்னைக்கு ஆபீசுக்குத்தான் லீவு, எனக்கு இல்லை" என்பது அவர் பதில். வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிற கணவர், மாமியார், கல்லூரிக்குப் போகும் மகள். நான்கு பேரின் ஒரு வார அழுக்குத் துணியும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும். எனவே அவர் ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். விடுப்புத் தாளில் பெயர், பிரிவு, தேதி எல்லாம் எழுதினார். 'விடுப்புக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'சும்மா' என்று எழுதினார்.

நிர்வாகப் பிரிவு எழுத்தர் அந்தத் தாளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறையும் மாட்டிக்கொண்டு ஒரு முறையும் படித்தார்.

"என்னக்கா இது?"

"காரணம்."

"சும்மான்னு ஒரு காரணமா? காய்ச்சல்னு போடுங்க."

"காய்ச்சல் இல்லையே."

"வயித்து வலி?"

"வயிறு நல்லா இருக்கு."

"சரி, சொந்தத்துல யாராவது தவறிட்டதா எழுதுங்க."

"யாரைச் சாகடிக்கச் சொல்றீங்க?"

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, மூணாவது மாடியில ஒருத்தர் அவரோட பெரியப்பாவை நாலு வருஷத்துல மூணு தடவை எரிச்சிருக்கார். மூணு தடவையும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். உங்க சும்மாவுக்கு மட்டும் என்னால போட முடியாது. மேல கேப்பாங்க."

மூன்று முறை வந்த பொய்க்குக் கையெழுத்து உண்டு, ஒரு முறை வந்த உண்மைக்கு இல்லை. ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் அவருக்கு உரிமையுள்ள விடுப்பு. விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுத்தான் அவர் வந்திருந்தார். காரணம் எழுத வேண்டும் என்று அதில் இருக்கிறது. காரணம் சோகமாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. தாள் கண்காணிப்பாளரிடம் போயிற்று. அவர் சிவப்பு மையால் 'சும்மா'வை அடித்துவிட்டு 'சொந்த வேலை' என்று எழுதினார். "வேலை இல்லாம இருக்கத்தானே சார் லீவு கேக்கறேன்" என்று லிஃப்டக்கா அங்கேயே 'வேலை'யை அடித்தார். கண்காணிப்பாளருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார். அலுவலகக் கோப்பில் இன்றைக்கும் அந்தத் தாள் இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த' என்ற ஒற்றைச் சொல் அந்தரத்தில் நிற்கிறது.

வீட்டிலும் அதே விசாரணை. "எங்க போறே?" என்றார் கணவர். "சும்மா கடற்கரைக்கு." "யார் கூட?" "தனியா." கணவர் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மாமியார், "சும்மாதானே போறே, வர்றப்ப என் கண்ணு மருந்தை வாங்கிட்டு வந்துடு" என்று சீட்டைக் கொடுத்தார். "சும்மாதானேம்மா, இந்த நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடு" என்றாள் மகள். "அந்தப் பக்கம் போனா ஒரு பேரிங் வாங்கணும், சும்மா ரெண்டு கடையில விசாரி" என்றார் கணவர். சும்மா என்ற சொல்லுக்கு இப்படியொரு குணம் இருக்கிறது. ஒருவர் வாயிலிருந்து அது வந்துவிட்டால் அவர் கை காலியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோகிறது, உடனே ஆளுக்கொன்றை அதில் வைக்கிறார்கள். லிஃப்டக்கா மூன்றையும் வாங்கினார். மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு டம்ளரையும் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

கடலோரத்தில் ஓர் உணவகம். வாசலில் நின்றவர், "எத்தனை பேர்?" என்றார்.

"ஒருத்தர்."

"மத்தவங்க?"

"இல்லை."

"பரவாயில்லை, அவங்க வர்ற வரைக்கும் இப்படி உக்காருங்க" என்று கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காட்டினார். பின்னாலேயே ஓர் ஆள் பல்லைக் குத்திக்கொண்டு தனியாக வந்தார். அவரை எதுவும் கேட்காமல் கடலைப் பார்த்த மேசையில் உட்காரவைத்தார்கள். லிஃப்டக்கா எழுந்தார்.

"ஏங்க, அவரோட மத்தவங்க எப்ப வருவாங்க?"

"அவரு... தனியாத்தாம்மா வந்திருக்கார்."

"அப்ப எனக்கும் அந்த மாதிரி ஒரு தனி குடுங்க."

கிடைத்தது. வறுத்த மீனும் சோறும் வந்தன. பாதிச் சாப்பாட்டில் பரிமாறுகிறவர் வந்து, "வேற யாருக்காவது பார்சல் கட்டணுமா?" என்று கேட்டார். தான் சாப்பிடுவதற்காக மட்டும் ஒரு பெண் கடைக்கு வந்திருப்பாள் என்ற எண்ணத்தை அந்த மனிதருடைய மூளை கடைசிவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

ஒரு மணிக்கு அவருக்குப் பெஞ்சு கிடைத்தது. கடலை நேராகப் பார்க்கிற பெஞ்சு, மேலே மர நிழல். அலைகள் எழுந்தன, விழுந்தன. நடுவில் எந்தக் கதவும் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள். கடலை விற்கிறவர், "யாருக்கோ காத்திருக்கீங்க போல, ரெண்டு பொட்டலமா தரவா?" என்றார். கைரேகை பார்க்கிறவர் கேட்காமலே வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

"தாயி, உன் மனசுல ஒரு பெரிய பாரம் இருக்கு."

"எத்தனை கிலோ?"

"என்னது?"

"அறுநூத்தி எண்பது கிலோவைத் தாண்டினாத்தான் மணி அடிக்கும். இன்னும் அடிக்கலை. நீங்க கிளம்புங்க."

அவர் போன பிறகு லிஃப்டக்கா கரைச் சுவரைப் பார்த்தார். எண்ணுவது அவர் தொழில். பதினொரு ஆண்கள், பதினொருவரும் தனி. ஒருவர் துண்டை விரித்துத் தூங்கினார். ஒருவர் காதைக் குடைந்தார். ஒருவர் தண்ணீரையே வெறித்துக்கொண்டிருந்தார். யாரும் அவர்களை எதுவும் கேட்கவில்லை. ஆண் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்குக் காற்று வாங்குவது என்று பெயர். பெண் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரு பெயர் கண்டுபிடிக்கிறவரை ஊருக்கு உறக்கம் வராது.

இரண்டரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. கண்காணிப்பாளர்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"கடற்கரையில சார்."

"என்ன விஷயமா?"

"விஷயம் ஒண்ணும் இல்லை சார்."

"சும்மாதானே இருக்கீங்க? நல்லதாப் போச்சு. நாலு மணிக்கு இயக்குநர் வர்றார். வாட்ச்மேனை உள்ள நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்? யூனிஃபார்ம் போட்டுட்டு வந்துடுங்க."

"சார், சும்மா இருக்கத்தான் லீவு வாங்கினேன். அது இன்னும் முடியலை."

"என்னது முடியலை?"

"சும்மா இருக்கறது சார். சாயங்காலம் வரைக்கும் ஆகும்."

அந்தப் பக்கம் குரல் மாறியது. "அடுத்த மாசம் உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். ஞாபகம் இருக்கில்ல?"

பத்தொன்பது ஆண்டுகளாக அவர் தற்காலிகப் பணியாளர். ஒவ்வோர் ஆண்டும் ஒரு தாளில் அவரைப் புதிதாக வேலைக்குச் சேர்க்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்டே இரண்டு முறை மாறிவிட்டது, அவருடைய தற்காலிகம் மாறவில்லை. காய்ச்சல் என்று எழுதியிருந்தால் இந்த அழைப்பு வந்திருக்காது. மூன்றாவது மாடிப் பெரியப்பா எரிந்துகொண்டிருந்த நாட்களில் அவருடைய தம்பி மகனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. பொய் சொன்னவர்களுக்கு விடுப்பு முழுதாகக் கிடைக்கிறது. உண்மையை எழுதியவரின் விடுப்பில்தான் யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம்.

"ஞாபகம் இருக்கு சார்" என்றார் லிஃப்டக்கா. "நாளைக்குக் காலையில எட்டே முக்காலுக்கு வந்துடறேன்."

அழைப்பைத் துண்டித்தார். தொலைபேசி மறுபடி அடித்தது. பைக்குள் அடியில் போட்டு மேலே துண்டை வைத்தார். அங்கேயிருந்தும் அடித்தது. ஒரு மாதம் கழித்து என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். மகளின் படிப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. வருத்தத்தில் வந்த நீரில்லை அது, எரிச்சலில் வந்தது. ஆனால் கண்ணீரைப் பார்க்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாதே.

பார்த்தவர் கடற்கரைக் காவலர். ஐம்பது தாண்டியவர், தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"ஏம்மா, வீட்டுல ஏதாவது சண்டையா?"

"இல்லை சார்."

"போன் அடிச்சுட்டே இருக்கே, எடுக்கலையா?"

"எடுத்துப் பேசியாச்சு."

"எதுக்கு வந்தீங்க இங்க?"

"சும்மா."

காவலர் கடலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சும்மா வந்தேன்னு சொல்றவங்கதான்மா..." என்று நிறுத்திக்கொண்டார்.

லிஃப்டக்காவுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வாய் சும்மா இருந்திருக்கலாம். "சார், சாகணும்னா எங்க ஆபீஸ்லயே உச்சி மாடி இருக்கு. இதுக்குப் போயி ரெண்டு பஸ் மாறி எதுக்கு வரணும்?"

காவலர் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். "வீட்டு நம்பர் சொல்லுங்க."

"அந்தச் சுவத்துல பதினோரு பேர் தனியா இருக்காங்க பாருங்க. அவங்க வீட்டுக்கெல்லாம் போன் போட்டாச்சா?"

"அவங்க காத்து வாங்க வந்திருக்காங்கம்மா."

"நானும் அதே காத்தைத்தான் சார் வாங்கறேன். தனியாவா அடிக்குது?"

"இதோ பாருங்க. போன மாசம் இதே இடத்துல ஒரு பொண்ணைக் கேக்காம விட்டுட்டேன். நான் கேட்டிருக்கணும்" என்றார் காவலர். அந்த ஒரு வரியை அவர் அதிகாரக் குரலில் சொல்லவில்லை. "நம்பர் குடுங்க, இல்லைன்னா பூத்துக்கு வந்து உக்காருங்க. உங்களை இங்க தனியா விட மாட்டேன்."

கெட்டவராக இருந்திருந்தால் எதிர்த்திருக்கலாம். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியில்லை. பெஞ்சை இழக்காமல் இருக்க லிஃப்டக்கா கணவரின் எண்ணைக் கொடுத்தார்.

அரை மணி நேரத்தில் கணவர் வந்துவிட்டார். யாருடைய மோட்டாரையோ பாதியில் பிரித்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். சட்டைப் பையில் ஸ்பேனர், முழங்கைவரை கிரீஸ். காவலர் முகத்தில் நிம்மதி. "பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்றார். நாற்பத்தாறு வயது, பத்தொன்பது ஆண்டுச் சம்பளம், எத்தனையோ பேரை அந்தரத்தில் அழாமல் பார்த்துக்கொண்ட அனுபவம். அவ்வளவையும் சேர்த்து, தொலைந்துபோன ஒரு குடையைப் போல உரியவரிடம் ஒப்படைத்தாகிவிட்டது.

"என்னாச்சு?" என்றார் கணவர். மூச்சு வாங்கியது.

"ஒண்ணும் ஆகலைங்க."

"அந்தப் போலீஸ்காரர் என்னென்னமோ சொன்னார்."

"அவர் பயம் அவருக்கு."

"நான் ஏதாவது சொல்லிட்டேனா? காலையில பேரிங் கேட்டேனே, அதுவா?"

"அது இல்லை."

"அம்மாவா?"

"இல்லைங்க."

"ஆபீஸ்ல ஏதாவது?"

"ஆபீஸ்ல இருக்கு. அதை ராத்திரி சொல்றேன். ஆனா நான் இங்க வந்தது அதுக்காக இல்லை."

"அப்ப எதுக்கு?"

"எல்லாம் சரியா இருந்தாலும் ஒருத்தி சும்மா உக்காரலாங்க."

கணவர் யோசித்தார். ஓடாத மோட்டாரில் எங்கோ ஒரு பழுது இருந்தே தீரும் என்பது அவருடைய தொழில் பாடம். யாராவது வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்த மோட்டாரைப் பார்க்க அவரை யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை.

"வீட்டுக்குப் போலாமா?"

"ஆறு மணிக்கு நானே வர்றேன்."

கணவர் திரும்பிப் பார்த்தார். காவலர் சற்றுத் தள்ளி நின்று கவனித்துக்கொண்டிருந்தார். கடலை விற்கிறவரும் கவனித்தார். சுவரில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

"இப்ப உன்னைத் தனியா விட்டுட்டுப் போனா அந்த ஆளு என்னைப் பிடிச்சு உள்ள வெச்சுடுவார்" என்றார். பிறகு, இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் சொல்லாத ஒன்றைச் சொல்கிற கூச்சத்தோடு, "வேணும்னா... நானும் சும்மா உக்காந்துக்கட்டுமா? பேச மாட்டேன்" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதம் லிஃப்டக்காவைத் தொட்டது. பெஞ்சின் மறுமுனையைக் கந்தைத் துணியால் துடைத்துவிட்டுக் கணவர் உட்காரக் குனிந்தார். லிஃப்டக்கா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். சட்டைக் காலரில் ஒட்டியிருந்த துருவை விரலால் தட்டிவிட்டார். அதே விரலை நீட்டி, இருபதடி தள்ளிக் காலியாக இருந்த அடுத்த பெஞ்சைக் காட்டினார்.